ஒரு மார்க்கா, ஐந்து மார்க்கா?



பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதாமல் நம்மில் யாரும் இந்தப் பாலிடெக்னிக் வாசலை மிதித்திருக்க முடியாது. அந்தக் கணக்குப் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா? மொத்தம் 100 மார்க். ஒரு மார்க் கேள்விகள் 14. இரண்டு மார்க்கில் 10, ஐந்து மார்க்கில் 10, எட்டு மார்க்கில் 2 எழுத வேண்டும். அதாவது, "சரியான விடையைத் தேர்ந்தெடு" என்பதற்கு 14 மார்க். எழுதிக் காட்ட வேண்டியது 86 மார்க்.

பள்ளியை விட்டு வெளியே வந்தால் கதையே தலைகீழ். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வும் அப்படியே. எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினியர் தேர்வின் இரண்டாம் தாள் முன்பு விரிவாக எழுதுவதாக இருந்தது. 2023 முதல் அதுவும் அப்ஜெக்டிவ் ஆகிவிட்டது. "அப்புறம் எதுக்குப்பா ஸ்கூல்ல பக்கம் பக்கமா எழுதணும்? எல்லாத்தையும் டிக் அடிக்கிற மாதிரி வெச்சிட்டா என்ன?" என்று நம் நண்பர்கள் கேட்பதில் நியாயம் இருக்கத்தானே செய்கிறது? இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிக் அடிப்பது எப்படி வந்தது?

எழுத்துத் தேர்வில் பெரிய குறை, திருத்துபவரைப் பொறுத்து மார்க் மாறுவது. அமெரிக்காவில் 1913-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஒரு மாணவரின் வடிவியல் விடைத்தாளை நகலெடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட கணக்கு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கிடைத்த மார்க் 28 முதல் 92 வரை! கணக்கிலேயே இந்தக் கதி என்றால் கட்டுரைக்கு என்ன சொல்வது?

இந்தச் சமயத்தில்தான், 1914-15 வாக்கில், பிரெடரிக் கெல்லி என்பவர் கான்சாஸ் மாநிலப் பள்ளிகளுக்காக, சரியான விடையைக் குறித்துக் காட்டும் வாசிப்புத் தேர்வை உருவாக்கினார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இதே மாதிரியான தேர்வுகளைச் சுமார் 17 லட்சம் பேருக்கு வைத்தது. 1938-இல் ஐ.பி.எம். நிறுவனம் விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தையே விற்பனைக்குக் கொண்டு வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறதா, பிள்ளை எந்த ஊர் என்றெல்லாம் இயந்திரம் பார்க்காது. இது சிறிய நன்மை அல்ல.

குருட்டு அடி பலிக்குமா?

"தெரியாதவனும் அடிச்சு விட்டுப் பாஸாயிடுவான்" என்பது பலரும் சொல்லும் குறை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், 14 கேள்வியில் சராசரியாக மூன்றோ நான்கோ சரியாக இருக்கும். பதினான்கும் சரியாக அமைய 26 கோடியே 84 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்.

நெகட்டிவ் மார்க் இருந்தால்? ரயில்வே தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். நான்கு கேள்வியைக் குருட்டாம்போக்கில் அடித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. வந்த ஒரு மார்க்கும் போய்விடும்; மிச்சம் பூஜ்யம். நீட் தேர்விலோ சரிக்கு 4, தவறுக்கு 1. அதே நான்கு கேள்விக்கு 4 வந்து 3 போக, 1 மிஞ்சும். ஆகவே குருட்டு அடியைப் பற்றிப் பயப்படவும் வேண்டாம், அதை நம்பவும் வேண்டாம்.

தவறான விடைக்கும் மதிப்பு உண்டு

உண்மையில் ஒரு மார்க் கேள்வியின் தரம் அதன் தவறான விடைகளில்தான் இருக்கிறது. உதாரணமாக, 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் தொகுபயன் மின்தடை என்ன? விடைகள்: 9, 18, 0.5, 2.

சரியானது 2. ஒன்பது என்பவர் தொடர் இணைப்பு என்று நினைத்துக் கூட்டியிருக்கிறார். பதினெட்டு என்பவர் பெருக்கியதோடு நிறுத்திவிட்டார். 0.5 என்பவர் 1/6-யும் 1/3-யும் கூட்டி, கடைசியில் தலைகீழாக்க மறந்துவிட்டார். எந்த இடத்தில் சறுக்கினார் என்று விடையே காட்டிக் கொடுத்துவிடுகிறது. இப்படிப்பட்ட கேள்வியை யாரும் மட்டமாகப் பேசக் கூடாது.

ஆனால் பள்ளியில் நடப்பது என்ன? புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை "மூணாவதுக்கு இ, நாலாவதுக்கு ஆ" என்று உருப்போடுகிறோம். விடைகளின் வரிசையை மாற்றினால் தொலைந்தோம்! ஐந்து மார்க் கேள்வி மட்டும் என்ன யோக்கியம்? கைடில் உள்ளதைக் கமா கூட மாறாமல் ஒப்பிக்கிறோம். மனப்பாடம் இரண்டையும் கெடுத்துவிடும் என்பதே உண்மை.

எழுதினால்தான் தெரியும்

இருந்தாலும் டிக் அடிப்பதால் அளக்க முடியாத ஒன்று உண்டு. "வீட்டில் விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் ஏன் பக்க இணைப்பில் இணைக்கிறோம்?" என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்க வேண்டும், ஒன்று பழுதானாலும் மற்றவை எரிய வேண்டும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்த முடிய வேண்டும் என்று காரணங்களை நாமே தேடி எடுத்து வரிசைப்படுத்த வேண்டும். எதிரில் நான்கு விடை அச்சடித்திருக்காது. நாளை ஒரு மோட்டார் நின்றுபோனால் அதன் பக்கத்திலும் அ, ஆ, இ, ஈ என்று எழுதியிருக்காது. ஏன் நின்றது, என்ன செய்தோம் என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுக்கவும் நமக்குத் தெரிய வேண்டும்.

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா மூன்றாம் வகுப்பு வரை போனவர். நான் பத்தாவது படிக்கும்போது அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் ஒரு மார்க்கைச் சரிபார்ப்பார். "ஏழாவதுக்கு ஈ-ன்னு போட்டிருக்கு, நீ ஆ-ன்னு சொல்றே" என்பார். அர்த்தம் தெரியாவிட்டாலும் எழுத்துத் தெரியும். ஆனால் நான் எழுதிய ஐந்து மார்க் விடையைப் படித்து, "இந்த இடம் புரியலை, இதை முன்னாடி சொல்லு" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. வகுப்பில் அறுபது பேர். ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாமாவோ அக்காவோ பார்த்துத் திருத்துவார்கள்.

வித்தியாசம் இதுதான் நண்பர்களே. ஒரு மார்க்குக்கு விடைக்குறிப்பு ஒன்று இருந்தால் போதும், தனியாகவே பழகலாம். எழுத்துக்குப் படித்துப் பார்க்க இன்னொரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் இல்லாதவர்கள்தான் எழுத்துத் தேர்வில் பின்தங்குகிறார்கள். அதற்காக எழுத்துத் தேர்வையே எடுத்துவிட்டால், நம் போன்றவர்கள் எழுதக் கற்றுக்கொள்ள இருக்கும் ஒரே இடமும் போய்விடும். படித்த குடும்பத்தார் எப்படியும் வீட்டில் கற்றுக்கொள்வார்கள். நஷ்டம் நமக்குத்தான்.

ஆகவே உயர்நிலைப் பள்ளியில் இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு மார்க் பகுதியில் பின்பக்கக் கேள்விகளை அப்படியே தராமல், மேலே சொன்ன மின்தடைக் கேள்வி போல யோசிக்க வைப்பவை வர வேண்டும். எழுதும் பகுதியில் "விளக்குக" என்பதோடு "ஏன்?" என்றும் கேட்க வேண்டும். திருத்திய விடைத்தாளை மாணவன் கையில் கொடுத்து, எங்கே மார்க் போனது என்று காட்ட வேண்டும்.

இவை நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் எலெக்ட்ரிகல் இரண்டாம் ஆண்டில் நாங்கள் நான்கு பேர் வாரம் ஒரு நாள், ஆளுக்கு ஒரு விடை எழுதி, மாற்றிக்கொண்டு படிக்கிறோம். மார்க் போடுவதில்லை. புரியாத வரியின் கீழ் பென்சிலால் கோடு போடுவோம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் தடுமாறினால் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்போம். அரை மணி நேரம் ஆகும், காசு செலவில்லை. ஊருக்குப் போகும்போது, இப்போது பத்தாவது படிக்கும் என் தங்கையின் நோட்டிலும் அதே பென்சில் வேலைதான்.

நீங்களும் செய்யலாம். உங்கள் தெருவில் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லாத பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். இந்த லீவில் அதன் ஐந்து மார்க் விடைகளில் இரண்டையாவது உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.