முத்துக் குளிப்பவரின் மூளை

திருச்செந்தூருக்குத் தெற்கே அமைந்த பழைய துறைமுக ஊர் குலசேகரன்பட்டினம். இக்கரையை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச்சிப்பிகள் வாழும் திட்டுகள் உண்டு. கடலோர மக்கள் அவற்றைப் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்ற ஆண்டு 1961. குளிப்பவர் ஒரு கல்லின் துணையுடன் 10 முதல் 20 மீட்டர் ஆழம் வரை இறங்குவார். காற்றுக் கருவி ஏதுமின்றி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கியபடி சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். அவர் கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் மேலே இழுத்துவிடுவார்.

அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய மூளை என்னென்ன வேலைகளைச் செய்கிறது? இதை ஆராய்ந்தால் மூளையின் முக்கியப் பகுதிகளை அறிந்துகொள்ளலாம். கிணற்றிலும் குளத்திலும் நீந்தும் உங்களுக்கு உயிர் காக்கும் உண்மை ஒன்றும் கிடைக்கும்.

திரவத்தில் மிதக்கும் உறுப்பு

வளர்ந்த மனிதனின் மூளை சுமார் 1,400 கிராம் எடையுள்ளது. அதில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. மண்டை ஓட்டுக்குள் மூளையைச் சுற்றித் தெளிந்த திரவம் ஒன்று நிறைந்திருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இத்திரவத்தில் மூழ்கியிருப்பதால் மூளையின் தோற்ற எடை சுமார் 50 கிராம்தான்! இல்லையேல் மென்மையான மூளை தன் எடையாலேயே நசுங்கும்.

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதம் மூளைக்கே போகிறது. ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் வசதியோ அதற்கு இல்லை. இரத்த ஓட்டம் அடியோடு நின்றால் சுமார் 10 விநாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் மூளைச் செல்கள் அழியத் தொடங்கும்.

மூன்று பகுதிகள்

மூளையின் பெரும்பகுதி பெருமூளை. மடிப்பு மடிப்பான மேற்பரப்பைக் கொண்ட இது இரு அரைக்கோளங்களாக அமைந்துள்ளது. இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தையும், வலப்பக்கம் இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. கடலடியில் சிப்பியைக் கண்டறிவது பெருமூளையின் பின்பகுதி. அதை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது முன்பகுதி.

பெருமூளைக்குக் கீழே, பின்புறமாக இருப்பது சிறுமூளை. உருவத்தில் சிறியதாயினும் மூளையின் நரம்புச் செல்களில் பெரும்பாலானவை இங்கேதான் உள்ளன. கை, கால், உடல் ஆகியவற்றின் அசைவுகளை ஒன்றோடொன்று இசைய வைப்பதும் சமநிலை காப்பதும் இதன் பணி.

மூன்றாவது மூளைத்தண்டு. இதன் அடிப்பகுதி முகுளம். அதுவே கீழே தண்டுவடமாகத் தொடர்கிறது. இதயத் துடிப்பையும் மூச்சையும் நாம் நினையாமலே நடத்தி வருவது முகுளமே. குளிப்பவரின் முகத்தில் தண்ணீர் பட்டதும் இதயத் துடிப்பைக் குறைத்து ஆக்சிஜனைச் சிக்கனப்படுத்துவதும் அதுதான்.

மூச்சை அடக்குவது பெருமூளையின் கட்டளை. மூச்சு விடு என்பது முகுளத்தின் கட்டளை. சிறிது நேரம் பெருமூளை வெல்லும். பிறகு முகுளத்தின் குரல் ஓங்கிவிடும். நாற்காலியில் அமர்ந்தபடி மூச்சை அடக்கிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாத தவிப்பு ஏற்படும். முகுளம் அடிக்கும் அபாய மணி அது.

மணியை அடிப்பது எது?

ஆக்சிஜன் குறைவதுதான் இத்தவிப்புக்குக் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் முதற்காரணம் கரியமில வாயுவின் பெருக்கமே. மூச்சைக் கட்டுப்படுத்துவதில் இவ்வாயுவின் பங்கை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு அறிவியலாளர்கள் 1905 இல் விளக்கினர். சோடா நீரில் நடப்பது போலவே, இரத்தத்திலிருந்து மூளைத் திரவத்துக்குள் புகும் கரியமில வாயு அதனை அமிலத்தன்மை கொள்ளச் செய்கிறது. முகுளத்தின் மேற்பரப்பிலுள்ள உணர்செல்கள் இதை உடனே அறிந்துகொள்கின்றன. ஆக்சிஜன் அளவை அறியும் உணர்செல்கள் கழுத்துத் தமனிகளில் உண்டு. ஆனால் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த பிறகே அவை உரக்க எச்சரிக்கும்.

மணி அடிக்காமல் போனால்

நீருக்குள் நெடுநேரம் இருக்க விரும்பும் சிலர் மூழ்குவதற்கு முன் பலமுறை வேகமாக ஆழ்ந்து மூச்சு விடுவர். இதனால் அதிக ஆக்சிஜன் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் சாதாரண மூச்சிலேயே தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபின் சுமார் 97 சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது. மேலும் சேர இடமேது? குறைவது கரியமில வாயு மட்டுமே. அது மீண்டும் பெருகி மணி அடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடலாம். அப்போது தவிப்பே இல்லாமல் நினைவு தப்பும்.

ஆழத்தில் இன்னோர் அபாயமும் காத்திருக்கிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்காகும். நுரையீரலிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் அவ்வாறே உயரும். எடுத்துக்காட்டாக, அந்த ஆழத்தில் அது 60 மில்லிமீட்டர் பாதரச அளவு இருந்தால் குளிப்பவர் நினைவோடு இருப்பார். அவர் மேலே வரவர அழுத்தம் பாதியாகி, ஆக்சிஜனின் அளவு 30க்கு இறங்கிவிடும். மூளை செயலிழக்க இது போதும். கரையேறப் போகும் கடைசி சில மீட்டரில் நன்கு நீந்தத் தெரிந்தவர்களும் மயங்கி மூழ்குவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, நீருக்குள் மூச்சடக்கும் போட்டி வேண்டாம். மூழ்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சு விடவும் வேண்டாம். தனியாக ஒருபோதும் மூழ்காதீர்கள்; நீச்சல் தெரிந்த ஒருவர் மேலிருந்து உங்களையே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மயங்கிய மூளையால் உதவி கேட்க இயலாது. முத்துக் குளிப்பவர் ஒவ்வொருவருக்கும் தோணியில் கயிறு பிடிக்க ஒருவர் இருந்ததை எண்ணிப் பாருங்கள். குளிப்பவரின் உயிர் அவர் கையிலும் இருந்தது.