ரிப்போட்டில் ஆயுள் எழுதியிருக்கிறதா?

புற்றுநோய்க் கட்டியின் மரபணுவைச் சோதித்தால் ஆள் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று சொல்லிவிடலாம் என்பது நம்பிக்கை. கற்பிட்டியிலிருந்தோ முந்தலிலிருந்தோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு பஸ் ஏறும் குடும்பத்தில் இது வீண் குற்றவுணர்வைத்தான் வளர்க்கும்: வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்யும் சோதனைக்குக் காசு புரட்ட முடியவில்லையே என்று. உண்மையில் மார்பகப் புற்றுநோயாளியின் சாதாரண ரிப்போட்டிலேயே மரபணுவின் வேலை பதிவாகியிருக்கிறது. மெழுகில் பதித்த சதைத்துண்டை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். கலங்களின் விளிம்பு சுற்றிவர அடர் கபிலமாகத் தெரிந்தால் ஹெர்-2 மூன்று பிளஸ். அந்த மரபணு அளவுமீறி வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த மரபணு பெருகிய கட்டிகள் சீக்கிரம் திரும்பி வருகின்றன, ஆயுளும் குறைகிறது என்று 1987இல் டெனிஸ் ஸ்லேமன் குழுவினர் காட்டினார்கள். 1998இல் அமெரிக்காவில் ஹெர்-2ஐக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு, அதே கபில நிறம் எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்பதற்கு அடையாளமாயிற்று. சிகிச்சையைக் கணக்கில் எடுக்காமல் ஆயுளைச் சொல்வது சாத்திரம் பார்ப்பதற்குச் சமம்.

ஒரு மரபணு ஏமாற்றலாம், எழுபது நூறு சேர்ந்து ஏமாற்றுமா என்று கேட்கலாம். ஏமாற்றும். 2011இல் வெனே, டுமோன், டெட்டூர் என்ற மூவர், மார்பகப் புற்றுநோயின் போக்கைச் சொல்லும் என்று வெளியான 47 மரபணுப் பட்டியல்களை, குலுக்கிப்போட்டு எடுத்த பட்டியல்களோடு ஒப்பிட்டார்கள். 28 பட்டியல்கள் குலுக்கல் பட்டியல்களைவிடக் குறிப்பிடும்படி மேலானவையாக இல்லை. சாப்பிட்ட பின் சிரிப்பதால் மாறும் மரபணுக்களின் பட்டியல்கூட நோயின் போக்கோடு பொருந்தியது! கலங்கள் பெருகும் வேகத்தோடு ஏராளமான மரபணுக்கள் ஏறி இறங்குகின்றன. எதை அள்ளினாலும் அந்த வேகத்தின் சாயல் கையில் வரும். பொருந்துவது வேறு, காரணமாக இருப்பது வேறு.

அப்படியானால் இந்தச் சோதனைகள் வெறும் வியாபாரமா? இல்லை. 21 மரபணுச் சோதனையை வைத்து நடந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வு 2018இல் வெளியானது. ஹோர்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத, நிணநீர்க் கணுவுக்குப் பரவாத மார்பகப் புற்றுநோயில், அந்தச் சோதனை தரும் புள்ளி 11க்கும் 25க்கும் இடையில் இருந்தவர்களில் ஹோர்மோன் மருந்து மட்டும் எடுத்தவர்களும், கீமோவும் சேர்த்து எடுத்தவர்களும் ஒன்பது வருடத்தில் ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்குச் சுமார் 94 பேர் உயிரோடு இருந்தார்கள். ஐம்பதுக்கு உட்பட்ட சிலருக்குக் கீமோவால் கொஞ்சம் பலன் இருந்தது. ஆக, சோதனை பதில் சொன்னது கீமோ வேண்டுமா என்ற கேள்விக்கு. அதுவும் ஒரு கூட்டத்தைப் பற்றி. அந்தக் கூட்டத்தில் ஒருத்தி எந்தப் பக்கம் நிற்பாள் என்று அதனால் சொல்ல முடியாது.

இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்கும் வாய்ப்புற்றுநோய்க்கு இந்தப் புள்ளி பொருந்தவே பொருந்தாது. வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு வரும் அந்த நோயில், கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது, கழுத்துக் கணுவுக்குப் போய்விட்டதா என்பவைதான் இன்னும் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணையோ கன்னத்து உட்பக்க வெள்ளைப் படையையோ அரச வைத்தியசாலைப் பல் வைத்தியர் டோர்ச் அடித்தே கண்டுபிடிக்கலாம். அதற்குப் பல ஆயிரம் டொலர் தேவையில்லை.