குளிர்ந்த ரேடியேட்டரும் ஊர்ப் புத்தியும்

மன்னார் உயிலங்குளத்தில் வீட்டைச் சூடாக்கும் தேவை எவருக்கும் வந்ததில்லை. இங்கே ரேடியேட்டர் என்றால் உழவு இயந்திரத்தின் முன்பக்கம் இருப்பது, கொதித்தால்தான் கவலை. ஆனால் தை மாதத்தில் லண்டனிலிருந்து மகன் "ரேடியேட்டர் சூடாகுதில்லை அம்மா, அறை ஐஸ்" என்றால், இங்கிருந்தும் ஆலோசனை பறக்கும், அங்கத்தைய சிநேகிதர்களிடமிருந்தும் பறக்கும். அவற்றில் சிலவற்றைத் தட்டிப் பார்ப்போம்.

நம்பிக்கை: "காத்துப் பிடிச்சிருக்கு, எடுத்துவிட்டால் சரி."

கையால் தடவிப் பார்க்காமல் இதைச் சொல்லக்கூடாது. மேல்பகுதி குளிர்ந்து கீழே சூடாக இருந்தால்தான் காற்று. சூடாக்கலை நிறுத்தி ஆறவிட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு, மேல்மூலையிலுள்ள சிறு திருகைச் சாவியால் மெல்லத் திறந்தால் சீறல் கேட்கும். தண்ணீர் வந்ததும் மூடிவிடலாம். பிறகு, தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் பொயிலரின் அழுத்தமானியைப் பார்க்கவேண்டும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை காட்டுவது வழக்கம். காற்றை எடுத்ததால் அழுத்தம் விழுந்து, அதன்பின் வீடு முழுவதுமே குளிர்ந்த கதைகள் ஏராளம். பாரிஸ் அடுக்குமாடிகளில் கட்டடம் முழுவதற்கும் ஒரே பொயிலர் இருந்தால், திருகைத் தொடமுன் காவலாளிக்குச் சொல்லுங்கள்.

மாறாக மேலே சூடு, கீழே நடுவில் குளிர் என்றால் அது சேறு. உள்ளிரும்பு துருப்பிடித்துப் படிந்த கறுப்புக் கசடு. எத்தனை தரம் காற்றெடுத்தாலும் அது போகாது, கழுவித்தான் எடுக்கவேண்டும். அடிக்கடி புதுத் தண்ணீர் விடுவதும் கூடாது. அதோடு வரும் ஒட்சிசன் துருவை இன்னும் வளர்க்கும். திரும்பத் திரும்பக் காற்றுச் சேர்ந்தால், அது துருப்பிடிப்பதால் உண்டாகும் ஐதரசனாகவும் இருக்கலாம். திறக்கும்போது பக்கத்தில் நெருப்புக்குச்சி வேண்டாம்.

நம்பிக்கை: "ஒரு அறை மட்டும் குளிருது, பொயிலர் முடிஞ்சுது."

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் முழுக்கத் திறந்து வைத்தால் கடைசி வயலுக்கு என்ன போகும்? குழாயிலும் அதே கணக்குத்தான். ஒவ்வொரு ரேடியேட்டரிலும், இலக்கம் போட்ட குமிழுக்கு மறுமுனையில், பிளாஸ்டிக் தொப்பிக்குள் ஒரு வால்வு ஒளிந்திருக்கும். கொதிக்கும் ரேடியேட்டர்களில் அதைச் சற்றுக் குறைத்தால், குளிர்ந்ததற்கு வெந்நீர் போகும். எவ்வளவு திருப்பினீர்கள் என்று குறித்து வையுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் இலக்கம் போட்ட குமிழைக் கழற்றுங்கள். உள்ளே சிறு ஊசி தெரியும். அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழவேண்டும். கோடை முழுவதும் மூடிக் கிடந்தால் அது இறுகிவிடும். மெல்லத் தட்டி அசைக்கலாம். குறட்டால் இழுக்கவே வேண்டாம், அறை குளமாகிவிடும்.

நம்பிக்கை: "5 இல் வைத்தால் கெதியாச் சூடாகும்."

ஆகாது. அந்த எண் அறையின் வெப்பநிலைக்கானது, வேகத்துக்கானதல்ல. 3 என்பது ஏறக்குறைய 20 பாகை. குமிழுக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ சூட்டில் விரிந்து வால்வை மூடுகிறது. திரைச்சீலை மூடியிருந்தால் குமிழைச் சுற்றி மட்டும் சூடு தேங்கி, அறை குளிர்ந்திருக்கவே வால்வு மூடிக்கொள்ளும்.

இன்னொன்று நம் கராஜ்களிலிருந்து புறப்பட்டது: "தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி." எஞ்சினுக்கே அது நல்ல வைத்தியமல்ல; அளவான சூடு ஏறாமல் எரிபொருளைக் குடிக்கும். வீட்டில் குமிழைக் கழற்றி எறிந்தால் வால்வு முழுக்கத் திறந்தே கிடக்கும். அந்த அறை வேகும், பக்கத்து அறை பட்டினி.

நம்பிக்கை: "சரியாகும்வரை கரி அடுப்பை உள்ளே வை."

இதில் பகிடி இல்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் காபன்மொனொக்சைட் சேரும். மணமில்லை, நிறமில்லை, நித்திரையிலேயே உயிர் போகும். மின்சார ஹீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். பிரித்தானியாவில் காஸ் பொயிலரின் உள்வேலையை 'காஸ் சேஃப்' பதிவேட்டில் உள்ளவர் மட்டுமே செய்யலாம். மச்சானுக்குத் தெரியும் என்பது தகுதியல்ல.

நம்பிக்கை: "வாடகை வீடு, செலவு எங்கட தலையில்."

இங்கிலாந்திலும் வேல்சிலும் குறுகிய கால வாடகைக் குடியிருப்புகளில் சூடாக்கும் அமைப்பைப் பழுதுபார்ப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. இங்கிலாந்தில் அதைச் சொல்வது 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குடியிருப்பாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு. தொலைபேசியில் கெஞ்சுவதோடு நிற்காமல், திகதி போட்டு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.