வேலூர்ப் புரட்சிக்கு விசாரணை

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். செயல்பாடு என்றால் சார்ட் ஒட்டுவது, ஒப்படைவு என்றால் இணையத்தில் பிரதி எடுப்பது என்று ஆகிவிட்டது. மாற்று உண்டா? – ஆசிரியை, குடியாத்தம்.

சார்ட்டுக்கு ஓய்வு கொடுங்கள் டீச்சர். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கு காத்திருக்கிறது: 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் செய்த கிளர்ச்சி.

வகுப்பை விசாரணை மன்றமாக்குங்கள். ஒருவர் சிப்பாய், புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவும் தன்னை எப்படிப் புண்படுத்தின என்று சொல்லட்டும். ஒருவர் கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மகன். இன்னொருவர் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து கிளர்ச்சியை ஒடுக்கிய கில்லஸ்பி. மூன்று பேர் நீதிபதிகள். மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்யட்டும். கடைசி பெஞ்சிலிருந்துதான் கூர்மையான கேள்விகள் வரும், பாருங்கள்!

தீர்ப்பு எளிதல்ல. கிளர்ச்சிக்குக் காரணம் தலைப்பாகையா, திப்புவின் குடும்பமா என்று ஆங்கிலேயர்களே அன்று விவாதித்தார்கள். இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் படைத்தளபதி கிரடாக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். யார் பொறுப்பு என்பதைப் பிள்ளைகளே வாதாடி முடிவு செய்யட்டும்.

ஒப்படைவு அரைப் பக்கம் போதும், வகுப்பிலேயே கையால் எழுத வேண்டும்: "என் தீர்ப்பு என்ன? வகுப்பில் கேட்ட எந்தச் சாட்சியம் என்னை நம்பவைத்தது?" இதற்கு இணையத்தில் பதில் கிடைக்காது. முடிவுக்கு அல்ல, காட்டும் ஆதாரத்துக்கு மதிப்பெண் போடுங்கள்.

தலைமையாசிரியர் அனுமதித்தால், விசாரணைக்கு முன்பே ஒருநாள் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போய்வாருங்கள்.