அஷ்டமி நவமியை விட்டுவிடாதே

அன்புள்ள தம்பி,

தொலைநோக்கி வாங்கிவிட்டதாகவும், வரும் பௌர்ணமிக்குத் திங்களூர் போய் அங்கிருந்தே நிலவைப் படமெடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். போ. சந்திரன் தலம், திருவையாற்றுக்குப் பக்கம்தான், கும்பிட்டுவிட்டு வா. தொலைநோக்கியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போ.

பௌர்ணமி நிலவு பார்க்க அழகு, படிக்க ஆகாது. அன்று சூரியன் நமக்குப் பின்னால் நின்று நிலவின் முகத்தில் நேராக வெளிச்சம் அடிக்கிறது. நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் மலையும் பள்ளமும் தட்டையாகிவிடும். உனக்கு வேண்டியது வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடு. வளர்பிறையில் அங்கேதான் நிலவின் பொழுது விடிகிறது. சின்ன மேடுகூட நீளமாக நிழல் போடும்.

அந்தக் கோடு இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று அறிய செல்போன் செயலி எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் திதியைப் பார். சூரியனிடமிருந்து சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. விடியல் கோடும் ஒரு திதிக்கு ஏறக்குறைய அதே 12 பாகை நகரும். வளர்பிறை சஷ்டியில் தியோஃபிலஸ் பள்ளம். தசமியில் கோப்பர்நிக்கஸ்: 93 கிலோமீட்டர் அகலம், படிப்படியாக இறங்கும் சுவர், நடுவில் மலைக்கூட்டம். நிலவு லேசாகத் தலையாட்டுவதால் ஒரு திதி முன்பின் ஆகலாம்.

நவமிக்குத் தனியாக ஒன்று இருக்கிறது. நேர்ச்சுவர் என்பார்கள். ஸ்கேல் வைத்து இழுத்த கறுப்புக் கோடு, சுமார் 110 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் தூரத்தைவிட அதிகம். பார்த்தவுடன் செங்குத்துப் பாறை என்றுதான் வரைவாய். உண்மையில் சில நூறு மீட்டர் உயரம், ஏறிப் போகக்கூடிய சரிவு. மீதியெல்லாம் நிழலின் வேலை. தேய்பிறையில் வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து விழும்போது அதே கோடு வெள்ளையாகத் தெரியும். இரண்டையும் வரைந்த பிறகுதான் அதை நீ பார்த்ததாக அர்த்தம். அஷ்டமி நவமியில் நம் ஊரில் யாரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். நமக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

நிலவில் கலம் இறக்கவும் இதே விடியல் கணக்குதான். சந்திரயான்-3 இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 அன்று வளர்பிறை சப்தமி. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். அந்தக் கலத்துக்குச் சூரியத் தகடுகளில்தான் மின்சாரம். நிலவின் ஒரு பகல் நம் கணக்கில் சுமார் 14 நாள். அந்தப் பகல் முழுதும் கிடைக்கவேண்டும் என்று விடிந்த கையோடு இறக்கினார்கள்.

நிழல் மிஞ்சினாலும் கஷ்டம்தான். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் விக்ரம் நிலவில் விழுந்து நொறுங்கியது. அந்த மாதம் 17ஆம் தேதி நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் எடுத்த படங்களில் சூரியன் தரையோடு தாழ்ந்திருந்தது. சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அந்த இடத்தின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஒரே ஒரு வெளிச்சப் புள்ளியைப் பிடித்தார். வெயில் ஏறியிருந்த நவம்பர் படங்களில் சிதறல்கள் தெளிவாகத் தெரிந்தன. டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது. அவரிடம் இருந்தது மடிக்கணினியும் பொறுமையும்தான்.

பௌர்ணமியை ரொம்பவும் திட்டிவிட்டேன். அன்று மேடுபள்ளம் தெரியாது, பாறையின் நிறம் தெரியும். கறுப்புத் திட்டுகள் எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். வெள்ளையான இடங்கள் பெரும்பாலும் அனார்த்தசைட். அதே வகைப் பாறை காவிரி தொட்டு வரும் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலவில் இறங்கும் ஒத்திகைக்குச் செயற்கை நிலா மண் செய்தது.

மொட்டை மாடியில் கருவியை வைக்காதே. வெயில் குடித்த தளம் ராத்திரியும் சூடு விட்டுக்கொண்டிருக்கும். நிலவு வாய்க்கால் தண்ணீரில் கிடப்பதுபோல நெளியும். வயலுக்கு நடுவே இருக்கும் திடலுக்குப் போ. தை, மாசியில் லென்ஸில் பனி இறங்கும்; கெட்டி அட்டையைச் சுருட்டி முகப்பில் நீட்டிவிடு. கேமராவை எடுக்குமுன் பென்சிலில் வரை, ஒரு தடவைக்கு ஒரே ஒரு பள்ளம் போதும். ஓரத்தில் தேதி, நேரம், திதி மூன்றையும் குறித்து எனக்கு அனுப்பு. திதி இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்