லைசென்ஸ் எரர் வருதா? சாஃப்ட்வேருக்கு முன்னாடி உங்க கார்டைப் பாருங்க!



பகலில் ஆபீஸ், ராத்திரியில் ஃப்ரீலான்ஸ் டிசைன். நாளைக்குக் காலையில் கிளையன்ட்டுக்கு லோகோ கொடுக்கணும். அடோபி இல்லஸ்ட்ரேட்டரைத் திறந்தால், உங்கள் லைசென்ஸை உறுதி செய்ய முடியவில்லை என்று வருகிறது. உடனே பலர் செய்வது இரண்டு காரியம்: புதுசா இன்னொரு சப்ஸ்கிரிப்ஷன் வாங்குவது, இல்லைன்னா கிராக் தேடுவது. இரண்டுமே நஷ்டம்தான். முதலில் இந்த வரிசையில் பாருங்க.

1. பணம் போயிருக்கா?

அடோபி அக்கவுன்ட்டில் பில்லிங் பக்கத்தைத் திறங்க. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் ஆட்டோ டெபிட் நடக்க நீங்கள் இ-மேண்டேட் பதிவு செய்திருக்கணும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேணும். வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டுபவர்கள் இங்கேதான் மாட்டுவாங்க. புது கார்டு வந்திருந்தாலும் மறுபடி பதிவு செய்யுங்க.

2. எந்த ஐடியில் இருக்கீங்க?

ஆபீஸ் மெயிலில் லாகின் செய்துவிட்டு, சொந்தப் பணத்தில் வாங்கிய பிளானைத் தேடினால் கிடைக்காது. இன்வாய்ஸ் எந்த மெயிலுக்கு வந்ததோ, அந்த ஐடியில் போங்க.

3. எத்தனை கம்ப்யூட்டர்?

தனிநபர் பிளானை இரண்டு கம்ப்யூட்டரில்தான் ஆக்டிவேட் செய்யலாம். பழைய லேப்டாப்பில் சைன் அவுட் செய்யுங்க.

4. தேதி சரியா?

கம்ப்யூட்டரின் தேதியும் நேரமும் தப்பா இருந்தால் லைசென்ஸ் சோதனை தோற்கும். ஆட்டோமேட்டிக்கில் வைங்க. அந்த மெஷினில் எப்போதாவது கிராக் போட்டிருந்தால், ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அடோபி சர்வர் பிளாக் ஆகியிருக்கலாம். அதைச் சரிசெய்ய அடோபியே இலவசமாக 'லிமிடெட் ஆக்சஸ் ரிப்பேர் டூல்' தருகிறது.

இனி, ஏன் நஷ்டம் என்று பார்ப்போம். புதுசா வாங்கினால் பழைய பிளான் தானாக நின்றுவிடாது. மாதாமாதம் கட்டும் வருஷ பிளானை 14 நாளுக்குப் பிறகு நிறுத்தினால், மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். மாதம் 2,000 ரூபாய், 8 மாதம் பாக்கி என்று வையுங்க: 16,000-ல் பாதி, 8,000 ரூபாய் போச்சு. இந்தக் கட்டணத்தை மறைத்தார்கள் என்றுதான் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் பரிந்துரையில் அந்நாட்டு நீதித்துறை 2024 ஜூனில் அடோபி மீது வழக்குப் போட்டது.

கிராக்? திருட்டு காப்பி என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் கோர்ட் சிறையை விலக்கலாம். ஆனால் நீங்கள் கிளையன்ட்டிடம் காசு வாங்குறீங்களே! அதே லேப்டாப்பில்தான் நெட் பேங்கிங்கும் செய்றீங்க.

கடைசியா வரி. இந்தச் செலவைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. ஃப்ரீலான்ஸ் வருமானத்துக்கு உண்மையான செலவுக் கணக்கு எழுதினால் கழிக்கலாம்; 50% அனுமான லாப முறையில் போனால் தனியாகக் கழிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு இன்வாய்ஸையும் டவுன்லோட் செய்து வைங்க.

இன்னைக்கே ஒரு வேலை: ரெனீவல் தேதிக்கு மூணு நாள் முன்னாடி போனில் ரிமைண்டர் போடுங்க. டெட்லைன் ராத்திரியில் இந்த எரரைப் பார்க்க வேண்டியிருக்காது.