தவிலும் செவியும்

வண்டிப்பெரியாரில் லயம் என்றால் தாளக்கட்டு அன்று, வீடு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளுக்கு அதுவே பெயர். குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் நெடுஞ்சாலையில், பெரியாற்றங்கரையில் அமைந்த இம்மலையூரைச் சுற்றிலும் தோட்டங்கள் பரந்துள்ளன. கொழுந்து பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்த முன்னோர், வரும்போது தம் தெய்வங்களையும் மேளத்தையும் உடன் கொண்டுவந்தனர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா என்றால் இன்றும் நாகசுரமும் தவிலும் முழங்கும். சில ஆண்டுகளில் அதே இரவில் மலைக்குக் கீழுள்ள ஊர்களிலிருந்து செண்டைமேளமும் வந்து சேரும்.

அத்தகைய லயம் ஒன்றில் முதிய தவில் கலைஞர் ஒருவர் வாழ்ந்துவந்தார். பகலில் தோட்டவேலை, திருவிழாக் காலத்தில் தவில் என நாற்பது ஆண்டுகள் கழித்தவர் அவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேரனுக்கு அவரே ஆசான். நாள்தோறும் மாலையில் பாடம் நடக்கும். இடந்தலையில் கழியால் எழுப்பும் ‘தொம்’ சற்றே பிசகினாலும் தாத்தா கடிந்து திருத்துவார். வலந்தலையில் விரற்கூடு அணிந்த விரல்கள் எழுப்பும் நுண்ணிய ‘கிட’ பிசகினாலோ பேசாதிருப்பார். அதைப் பேரன் முதலில் தாத்தாவின் பரிவு என்றே எண்ணினான்.

பாட்டியின் கருத்து வேறு. “பல் வலிக்கிறது என்று சொன்னால், ‘எந்தக் கல்?’ என்று கேட்கிறாரே உன் தாத்தா!” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவ்வாண்டுத் திருவிழாவில் பேரன் முதன்முறையாகக் குழுவுடன் அமர்ந்து வாசிக்க இருந்தான். தேயிலை ஆலையில் பணிபுரியும் அவனுடைய மாமா, மஞ்சள் நிறத்தில் ஒரு சோடிக் காதடைப்பான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். இலையை நொறுக்கும் உருளைகளின் அருகில் நிற்கும் தொழிலாளர்கள் அணிபவை அவை. விரலால் உருட்டிச் செவித்துளைக்குள் செருகினால், நுரைப்பஞ்சு மெல்ல விரிந்து துளையை அடைத்துக்கொள்ளும். “மேளச் சத்தம் காதுக்கு ஆகாது, மாப்பிள்ளை. இதைப் போட்டுக்கொள்” என்றார் மாமா.

பேரன் போட்டுக்கொண்டான். நாகசுரம் போர்வைக்குள் இருந்து வாசிப்பதைப் போலக் கேட்டது. தன் ‘தொம்’ மட்டும் மந்தமாக அதிர்ந்தது. நாகசுரக்காரர் பிடித்த பிருகா எங்கே முடிந்தது என்று தெரியாமல், அவன் தீர்மானத்தை ஓர் எண்ணிக்கை தவறவிட்டான். கூட்டத்தில் எவரும் அறியவில்லை. உடன் வாசித்தவர்கள் அறிந்தனர். அவன் வெட்கத்துடன் ஒரு காதடைப்பானை எடுத்தான். சற்று நேரத்தில் மற்றொன்றையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வீடு திரும்பியபோது இரவு இரண்டு மணி. ஊர் அடங்கிவிட்டது, அவன் காது அடங்கவில்லை. சில்வண்டு ஒன்று தலைக்குள் இருந்து விடாமல் கத்துவதைப் போல இருந்தது. எவர் பேசினாலும் தொலைவிலிருந்து பேசுவதாகத் தோன்றியது. விடிந்ததும் அதைத் தாத்தாவிடம் சொன்னான்.

“மறுநாள் மாலைக்குள் சரியாகிவிடும்” என்றார் தாத்தா. சற்றுப் பொறுத்து, “எனக்கும் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஆகும். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன், தம்பி” என்றார்.

அடுத்த வாரம் தாத்தாவும் பேரனும் கோட்டயம் சென்று கேட்பியல் வல்லுநர் ஒருவரைக் கண்டனர். வல்லுநர் இருவருடைய செவித்திறனையும் அளந்தார். பேரனுடைய கோடு வரைபடத்தில் நேராகவே சென்றது. தாத்தாவின் கோடு தாழ்ந்த ஒலிகளில் நேராகச் சென்று, 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் இறங்கியிருந்தது. பெருஞ்சத்தத்தால் பழுதுற்ற செவிகளில் முதலில் தோன்றும் பள்ளம் பெரும்பாலும் அவ்விடத்தில்தான் அமையும்.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற சுருள் ஒன்று உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. காற்றின் அதிர்வை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுபவை இவையே. பெருஞ்சத்தத்தில் இவை களைத்துத் துவளும். ஓய்வு கிடைத்தால் நிமிரும். மேளம் கேட்ட இரவின் இரைச்சல் மறுநாள் தணிவது இதனால்தான். ஆயினும் மீண்டும் மீண்டும் அடிபட்டால் இவை மடிந்துவிடும். பறவைகளின் செவியில் இத்தகைய செல்கள் மீண்டும் முளைக்கின்றன, மனிதருக்கு முளைப்பதில்லை. கிளிக்கு வாய்த்த பேறு தவில்காரருக்கு வாய்க்கவில்லை.

தாத்தாவுக்குப் ‘பல்’ ஏன் ‘கல்’ ஆயிற்று என்பதும் இங்கே விளங்கும். உயிரொலிகளும் மெல்லினமும் ஆற்றல் மிக்கவை. அவற்றின் வலிமை பெரிதும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைந்துள்ளது. சொல்லின் முதலில் வரும் க, ச, த, ப ஆகிய ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் கூறுகளோ மெலிந்தவை. பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் ஒலிப்பவை. வல்லினம் என்று இலக்கணத்தில் பெயர் பெற்றவையே பழுதுற்ற செவியில் முதலில் மறைகின்றன. ‘அல்’ கேட்கும், அதற்கு முன்னே நின்ற எழுத்து எது என்று தெரியாது. அதே காரணத்தால் ‘தொம்’ கேட்டது, ‘கிட’ கேட்கவில்லை.

எவ்வளவு சத்தம் மிகுதி? 85 டெசிபல் அளவுள்ள ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகும். எனவே தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் ஒரு மணி, 97இல் அரைமணி, 100இல் கால்மணி. தவிலோ செண்டையோ முழங்கும் குழுவின் நடுவே 100 டெசிபலைத் தாண்டுவது அரிதன்று. திருச்சூர்ப் பூரத்தில் வடக்குநாதர் கோயிலில் நிகழும் இலஞ்சித்தறை மேளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிக்கின்றனர். கேட்பவர் விலகி நிற்கலாம். வாசிப்பவர் விலக இயலாது.

அப்படியானால் மாமா தந்த காதடைப்பான் போதாதா என்று பேரன் வல்லுநரிடம் கேட்டான். ‘ஆலைக்குப் போதும், மேளத்துக்குப் பொருந்தாது’ என்பது அவர் தந்த விடை. நுரைப்பஞ்சுக் காதடைப்பானைச் சரியாகச் செருகினால் 30 டெசிபல் அளவுக்கும் ஒலியைக் குறைக்கும். ஆனால் எல்லா ஒலியையும் ஒரே அளவில் அது குறைப்பதில்லை. தாழ்ந்த ஒலியைக் குறைவாகவும் உயர்ந்த ஒலியை மிகுதியாகவும் தடுக்கிறது. போர்வைக்குள் நாகசுரம் ஒலித்தது அதனால்தான். எந்திரத்தின் இசையை எவரும் சுவைக்கப் போவதில்லை. எனவே ஆலையில் அது குறையாகாது. மேளத்திலோ, ஒருவர் மற்றவரைக் கேட்டு வாசித்தாக வேண்டும்.

கேட்கவில்லையே என்று நடுவில் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 103 டெசிபல் ஒலியில் ஒருவர் இரண்டு மணி நேரம் வாசிக்கிறார் என்று கொள்வோம். 30 டெசிபல் குறைக்கும் காதடைப்பானை அவர் ஒரு மணி நேரம் மட்டுமே அணிகிறார். எஞ்சிய ஒரு மணி நேரத்தில் முழு ஒலியும் செவிக்குள் செல்கிறது. மொத்த ஆற்றலில் பாதி குறைந்தது. பாதி என்றால் 3 டெசிபல்தான். முப்பதுக்கு விலை கொடுத்து மூன்றைப் பெற்றதாகும். இரண்டு மணி நேரத்தில் வெறும் 12 நிமிடம் மட்டும் எடுத்துவைத்தாலும் பத்தில் ஒரு பங்கு ஆற்றல் உள்ளே சென்றுவிடும். அப்போது கிடைக்கும் காப்பு ஏறத்தாழ 10 டெசிபல். 15 டெசிபல் மட்டுமே குறைக்கும் ஒன்றை முழுநேரமும் அணிந்தவர் இவரினும் நன்கு காக்கப்படுகிறார். 103இல் 15 போனால் 88. அதில் 4 மணி நேரம் இருக்கலாம்.

ஆகவே கலைஞர் தேட வேண்டியது மிகுதியாக அடைப்பதை அன்று, கழற்றத் தோன்றாததை. அமெரிக்கப் பொறியாளர் மீட் கில்லியனின் நிறுவனம் 1980களின் இறுதியில் இசைக்கலைஞருக்கெனக் காதடைப்பான் ஒன்றை வெளியிட்டது. தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி ஆகிய இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது 15 டெசிபல், அது குறைத்தது. திறந்த செவித்துளை 2700 ஹெர்ட்ஸ் அருகே ஒலியை இயல்பாகவே பெருக்கும். துளையை அடைத்தால் அப்பெருக்கம் அழிந்துவிடும். அழிந்த அதனை அடைப்பானுக்குள்ளேயே ஈடுசெய்ததுதான் அவ்வமைப்பின் நுட்பம். வானொலியின் ஒலித்திருகைச் சற்றுத் திருப்பியதைப் போல, மேளம் மேளமாகவே இருக்கும்; சத்தம் மட்டும் குறையும்.

இவ்வகையில் இன்று இரண்டு கிடைக்கின்றன. ஒன்று, சிலிக்கோனால் செய்த, குடைமேல் குடை அடுக்கியது போன்ற தோற்றமுடைய பொது அளவினது. மற்றொன்று, செவித்துளையின் அச்சை எடுத்து அவரவர்க்கெனச் செய்வது. இதில் 9, 15, 25 டெசிபல் என வடிகட்டிகளை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது நெடுநேரம் உறுத்தாது, ஆனால் விலை மிகுதி. வளரும் பிள்ளைகளின் செவித்துளையும் வளர்வதால் அச்சைப் புதுப்பிக்கவும் நேரும். எனவே பேரனுக்கு முதல் வகையே போதும் என்றார் வல்லுநர். சத்தமே இல்லாமல் ஆக்கும் என்று கடையில் சொல்லி விற்பவை இசைக்கு உதவா. காதில் வைக்கும் வெறும் பஞ்சு எதற்குமே உதவாது.

எதைத் தேர்ந்தாலும் பொருந்தாவிட்டால் பயனில்லை. எதிர்க்கையைத் தலைக்குப் பின்னே கொண்டுசென்று காதுமடலை மேலும் பின்னும் இழுத்தால் துளை நேராகும். அப்போது செருக வேண்டும். மேலோட்டமாகச் செருகினால், தன் குரலும் தாடை வழியே வரும் அதிர்வும் தலைக்குள் முழங்கும். நாகசுரக்காரர்கள் காதடைப்பானை வெறுப்பதற்கு இது ஒரு காரணம். ஆழமாகப் பொருந்தினால் அம்முழக்கம் பெரிதும் தணியும்.

காதடைப்பானைக் கொடுத்துவிட்டால் மட்டும் பொறுப்புத் தீராது என்பதற்கு இலண்டனில் ஒரு வழக்கு உண்டு. 2012இல் அங்குள்ள ராயல் ஓபரா அரங்கில் வாக்னரின் இசைநாடக ஒத்திகை நடந்தது. பித்தளை ஊதுகருவிகளுக்கு முன்னே அமர்த்தப்பட்ட வியோலா கலைஞர் ஒருவரின் செவி அங்கே பழுதுற்றது. காதடைப்பான்கள் வழங்கப்பட்டிருந்தும் அரங்கம் பொறுப்பிலிருந்து தப்பவில்லை. 2018இல் உயர்நீதிமன்றமும் 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கலைஞரின் பக்கமே தீர்ப்பளித்தன. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், இரைச்சலால் வரும் கேள்விக்குறைபாடு அறிவிக்கத்தக்க நோயாக இடம்பெற்றிருந்தது. மாமாவுக்கு அந்தச் சட்டம் இருந்தது. ஒரே வீட்டில் உண்டு உறங்கும் தாத்தா கோயிலில் வாசித்ததால், அது அவருக்கு எட்டவில்லை.

கோட்டயத்திலிருந்து திரும்பிய மாலையே பேரன் புதிய காதடைப்பான்களுடன் பாடத்துக்கு அமர்ந்தான். முதல் சில நாள்கள் தன் தவில் தனக்குக் குறைவாகக் கேட்டதால் வேண்டியதற்கு மேல் ஓங்கி அடித்தான். திருவிழா மேடையில் முதன்முறை அணியாமல், வீட்டில் சில வாரம் பழக வேண்டும் என்று வல்லுநர் சொன்னதன் பொருள் அப்போது விளங்கியது. தாத்தா தவிலருகே நெருங்கி அமர்ந்து, வலந்தலையின் ஓரத்தில் தம் உள்ளங்கையை வைத்தார். “கிட, கிட. இப்போது சொல்” என்றார். பேரன் வாசித்தான். தோலின் அதிர்வைக் கையால் கேட்டு, “இரண்டாவது விரல் பிந்துகிறது” என்று திருத்தினார்.

சொற்பொருள்

இடந்தலை – தவிலின் இடப்பக்கம். வலந்தலை – வலப்பக்கம். விரற்கூடு – தவில் வாசிப்பவர் விரல்களில் அணியும் கடினமான உறை. தீர்மானம் – தாளப்பகுதியை முடித்துவைக்கும் அடுக்கு. பிருகா – விரைந்து ஓடும் சுரக்கோவை. அதிர்வெண் – ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை.

பயிற்சி

1. தாத்தா ‘தொம்’ பிசகியதைத் திருத்தினார். ‘கிட’ பிசகியதைத் திருத்தவில்லை. ஏன்?

2. பல் – கல் போல முதலெழுத்து மட்டும் வேறுபடும் சொற்களை ஐந்து இணைகளாக எழுதுக. அவற்றை ஒருவர் தொலைவில் நின்று மெல்லக் கூற, மற்றொருவர் கேட்டு எழுதிப் பார்க்க.

3. 100 டெசிபல் ஒலியில் செண்டை வாசிக்கும் ஒருவர் 9 டெசிபல் குறைக்கும் காதடைப்பானை முழுநேரமும் அணிந்தால் எவ்வளவு நேரம் வாசிக்கலாம்? பாடத்திலுள்ள அளவுகளைக் கொண்டு கணக்கிடுக.

4. தொழிற்சாலைச் சட்டம் மாமாவுக்கு இருந்தது, தாத்தாவுக்கு இல்லை. இது முறையா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

5. உம் வீட்டிலோ ஊரிலோ மேளம், பறை, செண்டை வாசிக்கும் பெரியவர் ஒருவரைக் கண்டு, விழா முடிந்த இரவில் அவர் காது எப்படி இருக்கும் என்று கேட்டு எழுதி வருக.